பத்தாவது விரல்

மார்ச் 3

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி அத்தைக்கு எண்பது வயது நிறைகிறது. தம்பி தன் பேனர் கடையில் தாத்தா படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கித் தரப்போகிறான். படத்துக்குக் கீழே நாலு வரி எழுதும் வேலை எனக்கு. "பேப்பர்ல இருந்தப்போ செத்துப்போனவங்க எல்லாருக்கும் எழுதின. நம்ம ஆளுக்கு எழுத மாட்டியாக்கா?"

எழுதலாம். ஆனால் தெரிந்தது என்ன? மர அறுவை ஆலையில் வேலை. ஒரே காய்ச்சலில் அவரும் பாட்டியும் போய்விட்டார்கள். அப்போது அப்பாவுக்கு நாலு வயது, அத்தைக்கு இரண்டு. ஒன்றரை வரிதான் தேறும்.

மார்ச் 5

படத்தை வாங்க அத்தை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவுடன், "வாடி விசாரணை." நான் நிருபரான நாளிலிருந்து இதுதான் என் பெயர்.

சாப்பாட்டு மேசைக்கு மேலே தாத்தா. கோட்டு, கறுப்புக் காற்சட்டை, முழங்கால் மேல் விரித்த இரண்டு கைகள், தும்மலை அடக்கிக்கொண்டிருப்பவர் மாதிரி ஒரு முகம். தன் அப்பாவை நேரில் பார்த்த ஞாபகம் அத்தைக்கு இல்லை. அவருக்கு அப்பா என்றால் இந்தப் படம்தான். காலையில் காபியோடு உட்கார்ந்து அதனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்: தண்ணீர் வரவில்லை, கீழ்வீட்டுக்காரன் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டான்.

இன்றும் வழக்கம்போல வலது கையைப் படத்தின் பக்கத்தில் நீட்டிக் காட்டினார். "சுண்டுவிரலப் பாரு. எவ்ளோ நீளம்! அப்படியே எங்கப்பா. சொத்துன்னு எனக்கு வந்தது இது ஒண்ணுதான்."

படத்தைத் தர மனமே இல்லை. "அஞ்சே நாள்ல வந்து சேரணும். ஒரு கீறல் இருந்தாலும் உன் தோலை உரிச்சுடுவேன்."

மார்ச் 6

தம்பி படத்தை ஸ்கேன் செய்தான். அதற்குள் அத்தையிடமிருந்து மூன்று ஃபோன். கடைசியாகக் கேட்டது: "அவருக்கு அங்க காத்து வருதா?"

மார்ச் 9

ஆலையை மூடி எத்தனையோ காலமாகிறது. பழைய தொழிலாளர் அட்டைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. "யார் வேணும்?" என்றார் அங்கிருந்த ஊழியர். தாத்தா என்றேன். "எல்லாரும் தாத்தாவத் தேடித்தான் வர்றாங்க. ஒருத்தராவது கூட்டிட்டுப் போனாத் தேவல, இடம் காலியாகும்."

தாத்தாவின் அட்டை கிடைத்தது. வாரிசுகள் பகுதியில் அப்பா பெயர், அத்தை பெயர். சந்தேகமே இல்லை. படம் ஒட்டவில்லை. அங்க அடையாளம்: வலது கைச் சுண்டுவிரல் அடியோடு இல்லை, ஆலை விபத்து.

விபத்து நடந்த தேதியும் இருக்கிறது. நம் வீட்டுப் படத்தின் பின்னால் உள்ள ஸ்டுடியோ முத்திரை அதற்கு இரண்டு வருடம் பிந்தையது. படத்திலோ பத்து விரல். வீட்டுக்கு வந்து எண்ணினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் எண்ணினேன்.

விரல் திரும்ப முளைக்குமா?

மார்ச் 10

தம்பியிடம் சொன்னேன். ஸ்டுடியோவிலிருந்து படத்தை வாங்கி வந்தது அத்தையை வளர்த்த பெரியம்மா. எங்கோ தூரத்து ஊரில் இருந்தவர், தாத்தாவை நேரில் பார்த்ததே இல்லை. இறந்தவர் பெட்டியில் இருந்த ரசீதை நீட்டினார், கொடுத்த படத்தை வாங்கிக்கொண்டார். ஆள் மாறியிருக்கிறது. இத்தனை வருடமாக யாரோ ஒருவர் நம் வீட்டுச் சுவரில்.

"ரிட்டயர் ஆனது நீதான்கா, உன் மூக்கு ஆகல" என்றான். பிறந்தநாள் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். பெரிதாக்கிய படத்தைக் கடை மூலையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டான். அசலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை துடைத்து மாட்டினார். காபிக்குக் கூட நிற்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 14

கெட்டது குடி. அத்தை கடைக்கே போயிருக்கிறார். மூலையில் நின்ற படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவர ஏண்டா ஓரமா நிக்க வெச்சிருக்க? வீட்டுப்பாடம் எழுதலையா?" என்றாராம். தம்பிக்குப் பொய் வராது. வாய் திறப்பதற்குள் காது சிவந்துவிடும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

சத்தியம் பண்ணினது நான். உளறினது அவன்.

அத்தை ஃபோனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எங்கப்பா எங்கடி, விசாரணை?"

நாலு வரி கேட்டாங்க. ஒன்றரை வரி எழுதிட்டு மரியாதையா உக்காந்திருக்கலாம்ல? யாரு போய் அட்டையத் தோண்டச் சொன்னா?

மார்ச் 15

போய்ப் பார்த்தேன். படத்தை இறக்கவில்லை. ஆனால் காபியைச் சமையலறையில் நின்றே குடிக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "முன்னப்பின்ன தெரியாத ஆம்பளகிட்ட காலங்காத்தால எனக்கென்ன பேச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வலது கையை இடது கையால் பொத்தி வைத்திருந்தார்.

மார்ச் 17

ஒரே ஒரு ஆதாரத்தோடு செய்தி கொண்டுவரும் இளம் நிருபர்களை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பேன்! என் கையிலும் ஒன்றுதான் இருக்கிறது என்று நேற்றுதான் உறைத்தது. ஸ்டுடியோ முத்திரையில் இருந்த முகவரிக்குப் போனேன். இப்போது அங்கே பல் மருத்துவமனை.

"எந்தப் பல்லு?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"பல்லு இல்லம்மா, விரலு."

நல்லவேளை, டாக்டர் ஸ்டுடியோக்காரரின் மகள். அப்பாவின் நெகட்டிவ்களை எக்ஸ்ரே அலமாரியில் எண் வரிசையில் வைத்திருக்கிறார். நம் படத்தின் மூலையில் கீறியிருக்கும் எண்ணைச் சொன்னேன். எடுத்து, பல் எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் வைத்தார். கறுத்த முகம், வெளுத்த கோட்டு, அதே தும்மல்.

டாக்டர் நெகட்டிவைச் சாய்த்துப் பிடித்தார். "இந்த இடம் மட்டும் மினுமினுன்னு இருக்கு பாருங்க. இது விரல் இல்ல. பென்சில்."

அவர் அப்பா நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் மெல்ல மெல்லக் கோடு போடுவாராம். நெகட்டிவில் கறுத்த இடம் படத்தில் வெளுக்கும். கறுப்புக் காற்சட்டையின் மேல் ஒரு விரல் முளைத்துவிடும். "அம்மைத் தழும்ப எடுப்பாரு. மூடின கண்ணத் திறப்பாரு. ஒருத்தருக்குத் தலை நிறைய முடியே நட்டிருக்காரு! யாரும் கேக்கக்கூட வேணாம்."

பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். பென்சில் கோடுகளுக்கு அடியில் வலது கை மோதிர விரலோடு முடிகிறது. அட்டையில் எழுதியிருந்தபடியே. அடியோடு.

தாத்தாவேதான். பல் பிடுங்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 18

அத்தையைக் கூட்டிப்போனேன். விளக்குப் பெட்டியில் முகத்தைப் பதித்தபடி வெகுநேரம் பார்த்தார்.

"இவரு எங்கப்பாதானே?"

"அவரேதான், அத்தை."

"அப்ப நான் பெருமையடிச்சிட்டுத் திரிஞ்ச விரலு?"

டாக்டர் முந்திக்கொண்டார். "எங்கப்பா எதையும் சொந்தமா வரைய மாட்டாரும்மா. மறு கையப் பாத்து, அதையே திருப்பிப் போடுவாரு. நீங்க இடது கையப் பாருங்க."

அத்தை தன் இடது கையை விளக்குப் பெட்டியின் மேல், தாத்தாவின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். விரலோரங்கள் சிவப்பாக ஒளிர்ந்தன. அளவு வேறு, ஆனால் அதே நீண்ட சுண்டுவிரல். நான் அளவுகோலை எடுக்கவில்லை, என் தொழிலுக்கு இது விடுமுறை.

"பென்சிலத் துடைச்சா போயிடும். துடைக்கவா?" என்றார் டாக்டர்.

"ஐயோ, தொடாதம்மா! உங்கப்பா கண்ணு வலிக்க வரைஞ்சிருக்காரு. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

மார்ச் 19

அத்தை ஃபோன். "மூஞ்சி குடுக்காம இருந்ததுக்குக் காலைல மன்னிப்புக் கேட்டேன். கோவமே இல்லடி அவருக்கு. தும்மல்தான் இன்னும் வரல."

மார்ச் 25

நாலு வரியும் தயார். கடைசி வரி: பத்தாவது விரல், ஸ்டுடியோவின் அன்பளிப்பு.

மார்ச் 29

நேற்று அமர்க்களம். பல் டாக்டரும் வந்திருந்தார். அத்தை அவரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு, கேக்கோடு தன் கடைவாய்ப் பல்லையும் காட்டினார்.

தம்பி எடுத்த குடும்பப் படம் இன்று கைக்கு வந்தது. சுவரில் தாத்தா, அவருக்கு நேர் கீழே நாற்காலியில் அத்தை. இருவர் கைகளும் முழங்கால் மேல், ஒரே மாதிரி. ஏதோ இடறியது. எண்ணினேன். தாத்தாவுக்குப் பத்து. அத்தைக்கு ஒன்பது. வலது சுண்டுவிரலை உள்ளங்கைக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

கம்ப்யூட்டரில் ஒரு நிமிடத்தில் சரிசெய்து தருவதாகத் தம்பி சொன்னானாம்.

"கைய வெச்சே, தொலைஞ்சே" என்றாராம் அத்தை.