மாட்டுப் பொங்கலன்று இரைந்த ரேடியோ

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

2022 மாட்டுப் பொங்கல் மாலை உங்கள் சிற்றலை ரேடியோ ஒரேயடியாக இரைந்ததே! “நீ துடைச்சுதான் கெட்டுது” என்று அம்மாவைத் திட்டினீர்கள். மறுநாள் அது தானாகச் சரியானது. ஆனாலும் இன்றுவரை அம்மாவை அதைத் தொட விடுவதில்லை.

நேற்று ஆய்வகத்தில் என்னுடன் வேலை செய்யும் லாவண்யா அந்த நாளின் வரைபடத்தைக் காட்டினாள். “டோங்கா எரிமலை வெடிச்ச அதிர்வு உலகத்தையே சுத்தி வந்துச்சுக்கா. மேல அயனி மண்டலமே ஆடிருச்சு பாருங்க!”

சிற்றலையைத் தரைக்குத் திருப்பி அனுப்புவது அந்த மண்டலம்தான். எங்கோ கடலடியில் வெடித்தது நம் கூடம்வரை கேட்டிருக்குமோ? யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்த ரேடியோவைக் கொஞ்ச நாள் எனக்குக் கொடுத்தனுப்புங்கள். இங்கே ஈஜிபுராவில் நான் தனியாகத் தங்கியிருக்கும் அறையில் மாலையில் பேச்சுக்குரலே இல்லை. அனுப்பும்முன் அம்மாவே அதைத் துடைக்கட்டும்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

வேதநாயகி