இடக் கன்னத்துக் கோடு

ஜூன் 3
காலையில் ஆய்வகத்தில் வழக்கம்போல என் முகத்தில்தான் கருவியைச் சோதித்தேன். கன்னங்களிலும் தாடையிலும் வயர் கோத்த ஒட்டுகள்; மூன்று கடி, மூன்று சிரிப்பு, மூன்று முறைப்பு. தசை அசைந்தால் கிளம்பும் துளி மின்சாரம் திரையில் கோடாகத் துள்ளும்; கடியைத் தாடை ஒட்டு பிடிக்கும், சிரிப்பைக் கன்னத்து ஒட்டு. நாலு வருடமாகச் சிரிப்பதற்கே சம்பளம் வாங்குகிறேன்.

இன்று சிரிப்பில் வலது 90, இடது 71. ஒட்டு காய்ந்திருக்கும்.

ஜூன் 4
புது ஒட்டு. 70.

ஜூன் 9
68.

அப்பாவுக்கும் இடது பக்கம்தான் ஆரம்பித்தது. போட்டோவில் கோணலாகச் சிரிக்கிறார் என்று நாங்களே கேலி செய்தோம். அப்புறம் பாதிச் சாப்பாட்டிலேயே தாடை ஓய்ந்துபோக, கையால் தாங்கிப் பிடித்து மென்றார். கடைசி வருடம் அவருக்குக் கோபமா சந்தோஷமா என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் நான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன்.

சே. ஒரு ஒட்டுக்கு இவ்வளவு கதையா?

ஜூன் 10
கருவிகளைப் பழுது பார்ப்பவரை எல்லோரும் வயர்மாமா என்போம். திரையை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இடது பக்கம் டல்லடிக்குது? ரெண்டு கன்னத்து வயரையும் மாத்தி மாட்டிப் பாரு. கோளாறு வயரோட போச்சுன்னா வயர். கன்னத்தோடயே நின்னுச்சுன்னா..." நிறுத்திவிட்டுச் சிரித்தார். "வயராத்தான் இருக்கும், விடு."

ஒரு நிமிட வேலை. "அப்புறம் பாக்கறேன் மாமா" என்றேன்.

ஜூன் 13
மாற்றிப் பார்க்கவில்லை.

ஜூன் 16
குளியலறைக் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் வந்து நின்றார். "கண்ணாடியோட என்ன பேச்சுவார்த்தை?" சாப்பிடும்போதும் கவனித்திருக்கிறார். "ஒரு பக்கமாவே மெல்றியே, பல் வலியா?" ஆமாம் என்றேன். கட்டினவரிடமே வாய் கூசாமல் பொய்.

ஜூன் 17
63. ஆய்வுக்குத் தலைவியான மேடத்தின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை, இடக் கன்னத்துக் கோட்டைப் பெரிதாக்கும் குமிழைத் திருப்பிவிட்டேன். இரண்டும் 90. எவ்வளவு அழகாக இருந்தது! அந்தப் பொய்யை நானே நம்பி, நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 30
குமிழை இறக்கவே இல்லை. இந்த இரண்டு வாரத்தில் இருபத்துமூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

மேடம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "கடிக்கும்போது ரெண்டு பக்கமும் சமம். சிரிச்சா மட்டும் எல்லாருக்கும் இடது கன்னம் தூக்குது! உணர்ச்சிக்கு மூளையில தனி வழி இருக்குன்னு இத்தனை நாளா சொன்னேனே! கட்டுரைய வெள்ளிக்கிழமை அனுப்பிடலாம். உன் பேரும் போடறேன்."

அத்தனை பேர் கன்னத்திலும் தூக்குவது என் பயம்தான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஜூலை 1
சொல்லிடலாமா? சொன்னா வேலை போகும். போகட்டும். ஆனா ஏன் திருப்பினேன்னு கேப்பாங்களே — அதுக்குப் பதில் சொல்லணுமே — அந்த நோய் பேரை என் வாயால சொல்லணுமே. பயமா இருக்கு. வேலைக்கு இல்லை.

ஜூலை 3, வெள்ளி
சொல்லிவிட்டேன்.

மேடத்தின் தாடை இறுகியது. பிறகு, "எப்பலேர்ந்து?"

"பதினேழாம் தேதி திருப்பினேன் மேடம்..."

"குமிழைக் கேக்கல. உன் முகத்தைக் கேக்கறேன்."

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வயர்மாமாவைக் கூப்பிட்டுக் குமிழை இறக்கச் சொன்னார். கன்னத்து வயர்களை மேடமே மாற்றி மாட்டினார்.

"சிரி."

"வரல மேடம்."

"வராட்டியும் சிரி."

சிரித்தேன். திரையைப் பார்க்கத் துணிவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கோளாறு கன்னத்தோடயே நின்றுவிட்டது.

ஜூலை 15
அதே நோய்தான். ஆரம்ப நிலை. குணமாகும் என்று டாக்டர் சொல்லவில்லை, தள்ளிப்போடலாம் என்றார். அப்பா காலத்தில் இல்லாத மாத்திரை இருக்கிறதாம். கணவர் வெளியே வந்து வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "பல் வலின்னு சொன்னியேடி."

ஜூலை 28
கட்டுரை நின்றுபோனது. இருபத்துமூன்று பேரையும் மறுபடி கூப்பிடுகிறார்கள். கருவியை நான் இனித் தொடக்கூடாது என்பது உத்தரவு. நியாயம்தான்.

இன்று மேடம் என்னைக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னார். என் நாலு வருடக் காலைப் பதிவுகள் அவர் மேசையில் இருந்தன. "இந்த நோய் வர்றதுக்கு முன்னாடி ஒரு முகம் எப்படி இருந்துச்சுன்னு யார்கிட்டயும் பதிவு இல்ல. உங்கிட்ட இருக்கு. இனிமேயும் எடுக்கணும், தினமும். உனக்குச் சம்மதம்னா மட்டும்."

சம்மதப் படிவத்தை நீட்டினார். நலமுள்ளவர் என்று ஒரு கட்டம், நோயாளி என்று ஒரு கட்டம். எத்தனையோ பேருக்கு நானே பேனா கொடுத்து விளக்கிய படிவம். இரண்டாவது கட்டத்தில் குறி போட்டேன், கோடு கட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

மேடம் வேறு தாள் எடுக்கப் போனார். "இதுவே இருக்கட்டும் மேடம்" என்று கையெழுத்துப் போட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.