அலுமாரித் திறப்பு

கரம்பொன், 1931

சிவக்கொழுந்து,

ஊறுகாய்ச் சாடியை உடைத்தது பூனை இல்லை, நான்தான். அலுமாரிப் பூட்டின் திறப்பை அதற்குள் தேடினனான். "றப்பர்ப் பங்கு விலை விழுந்தால் எனக்கு விசர் பிடிக்கும், காலில் விழுந்து கேட்டாலும் தராதையும்" என்று அதை உம்மட்டை ஒளிக்கத் தந்த கெட்டிக்காரனும் நான்தான்.

பங்குகள் அண்ணை மலாயாவில் வாங்கினவை. "உன்ரை மகளுக்குப் பதினெட்டு ஆகுமட்டும் விற்காதை" என்று எழுதிவிட்டுக் கப்பலேறினவர், கடலோடு போனார். எங்கடை பிள்ளைக்கு இப்பதான் ஒன்பது. பங்கோ ஒரு வருசம் பனை உச்சியில், மறு வருசம் கிணற்றுக்குள்.

விற்கச் சொல்லித் தரகருக்கு இரண்டு தரம் கடிதம் எழுதித் தபாலில் போட்டனான். இரண்டு தரமும் அடுத்த நாள் அது அண்ணை முந்திச் சாய்ந்திருக்கிற கதிரையில், கடல் தண்ணீரில் நனைந்து கிடந்தது. நீரோ எடுத்து வந்தது என்று கேட்டால் அடுப்பை ஊதுகிறீர்.

இனி அலுமாரிக்குள் இருக்கிற பங்குப் பத்திரத்தையே கொண்டுபோய் விற்கப் போறன். பூட்டை உடைக்கக் கொல்லனைக் கூட்டிவரப் போயிருக்கிறன். நான் வர முதல் இதன் கீழேயாவது நேராய் எழுதும்: கடிதங்களை எடுத்தது நீரோ? திறப்பு எங்கே?

பி.கு. புட்டு மூடியிருக்கு. பூனைக்கும் வையும். பாவம், என் பழியைச் சுமந்தது.

*

நான் எடுக்கேல்லை. திறப்பை நேற்று உங்கடை அண்ணை வந்து கேட்டார். குடுத்திட்டன்.

சிவக்கொழுந்து