சியாம் நெத்திலியும் டொமினிக்கின் பாவப் பட்டியலும்

அக்டோபர் 12, ஞாயிறு

விடியலிலிருந்து மழை. நெத்திலிக்குப் பேர்போன தஞ்சோங் டாவாயில் ஐந்து நாளாக எவரும் மீன் காயப்போடவில்லை. போன் போட்டால் அங்கே சரக்குத் தரும் பாய் சிரிக்கிறார். "வெயில் வாங்கிட்டு வாங்கண்ணே, நெத்திலி நான் தர்றேன்." என் கருவாட்டுக் கடைக்கு வேறு வழியில்லை. ஜித்ராக்காரனிடம் தாய்லாந்திலிருந்து வரும் சியாம் சரக்கு இன்னும் எட்டுப் பெட்டி சொல்லியாயிற்று.

கெடா மாநிலத்தில் லீவு வெள்ளி, சனி; ஞாயிறு பள்ளிக்கூட நாள். மலேசியாவுக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் எனக்கு இது ஒட்டவில்லை. கோயிலுக்குப் போக வேண்டிய காலையில் மகன் டொமினிக்கின் ஒற்றைச் சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது. ஈரம்.

மாலைப் பூசை முடிந்ததும் மறைக்கல்வி டீச்சர் பிடித்துக்கொண்டார். "அண்ணே, வெள்ளிக்கிழமை முதல் பாவசங்கீர்த்தனம். அடுத்த ஞாயிறு புதுநன்மை, முதல் நற்கருணை. உங்க மகனுக்கு மனத்துயர் செபம் பாதிதான் வருது. இங்கிலீஷ் குரூப்புக்கு மாத்திரலாமா?"

வேண்டாம், தமிழிலேயே வரவைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாய் சும்மா இருக்காது.

வேனில் ஏறியதும் மனைவி ரோஸ்லின் ஆரம்பித்தாள். "பிள்ளை மலாய் ஸ்கூல்ல படிக்குது. உங்க தூத்துக்குடித் தமிழ அதுகிட்ட கேட்டா எங்க போகும்?"

அவள் சுங்கை பட்டாணி பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பிள்ளைகள் இரண்டும் அலோர் ஸ்டாரில் பிறந்ததுகள். வீட்டில் நான் ஒருத்தன்தான் வெளிநாட்டுக்காரன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை விட்டது. வெயில் இல்லை.

பள்ளி விட்டதும் டொமினிக்கை ஏற்றிக்கொண்டு ஜித்ரா, சரக்கெடுக்க. போகிற வழியெல்லாம் செபம். நான் புத்தகத்தை ஸ்டீயரிங்மேல் வைத்துக்கொண்டு சொல்ல, அவன் பின்னால் சொல்ல. நாலாவது வரியில் ஒவ்வொரு தடவையும் நிற்கிறான்.

"அப்பா, மலாய்ல சொன்னா சாமிக்கு விளங்காதா?"

"விளங்கும். எனக்கு விளங்காது."

"அப்பாகிட்டயா சொல்லப் போறேன்? ஃபாதர்கிட்டலா."

ஒன்பது வயது. பேச்சு முடியும் இடமெல்லாம் மலாய் 'லா'. தமிழில் ஒரு வரியாவது நீயாக எழுதுடா என்று கத்தினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தெரியவில்லை.

திரும்பும்போது மகள் ஷீலாவின் போன். "அப்பா, டியூஷன் வாசல்ல வேன நிறுத்தாதீங்க. பஸ் ஸ்டாப்புல நிறுத்துங்க. கருவாட்டு வாசம் வருதுலா." அவள் பல்லுக்குக் கம்பி போட்டது இந்த வாசம் தந்த காசில்தான். பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினேன்.

வாங்க: வெள்ளைச் சட்டை (டொ.), மெழுகுவர்த்தி, சாக்ஸ் மூன்று ஜோடி, எலிப்பொறி.

அக்டோபர் 15, புதன்

வேனைக் கூட்டும்போது சீட்டுக்கு அடியில் நோட்டுத் தாள் ஒன்று. டொமினிக்கின் கையெழுத்து, மலாயில். பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரித்த பட்டியல். படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டேன்.

1. அக்காவின் சாக்லேட்டை எடுத்தேன். நாலு தடவை.
2. அம்மா கூப்பிட்டபோது தூங்குகிற மாதிரி நடித்தேன்.
3. பூசையில் சிரித்தேன்.
4. அப்பா வீட்டில் இருக்கும்போதே ஜித்ரா போயிருக்கிறார் என்று போனில் சொன்னேன்.
5. நெத்திலி தஞ்சோங் டாவாய் என்று ஃபாதரிடம் சொன்னேன். அது சியாம்.

ஐந்தாவதுக்கு அடியில் இரண்டு கோடு.

போன வெள்ளி நடந்தது. பள்ளி லீவு, பையன் கடையில் இருந்தான். ஃபாதர் வந்து எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டிருக்கிறார். மழைக்காலத்தில் யார் கேட்டாலும் தஞ்சோங் டாவாய் என்று சொல்லச் சொன்னவன் நான். அந்த ஊர்ப் பேருக்குத்தான் விலை; பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வித்தியாசம் தெரியாது. நம்பி இரண்டு கிலோ வாங்கிப் போனவர், புதுநன்மை விருந்தின் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுக்கும் அதே நெத்திலியை ஆர்டர் கொடுத்துவிட்டார். இப்போது அவரிடமே போய் இவன் சொல்லப் போகிறான்.

ரோஸ்லினிடம் காட்டினேன். கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தாள். "அஞ்சாவது உங்க பாவம். அத எதுக்கு பிள்ளை தூக்கிட்டுப் போகுது?"

ஷீலா எட்டிப் பார்த்தாள். "நாலாவதும் அப்பா கணக்குதான்லா."

தாளைப் பழையபடி சீட்டுக்கடியில் வைத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

வெயில் மாதிரி ஒன்று. எலி இன்னும் மாட்டவில்லை.

சாயங்காலம் டொமினிக் காலணிக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பதமாக ஆரம்பித்தேன். "கடையில சொல்றதெல்லாம் வியாபாரம்டா. பாவத்துல சேராது. அந்த அஞ்சாவது..."

சட்டென்று நிமிர்ந்தான். "லிஸ்ட்ட படிச்சீங்களா?"

நானே உளறி மாட்டிக்கொண்டேன்.

"அது ரகசியம்லா அப்பா! ஃபாதருக்கு மட்டும்தான்!" அழுகை. மூக்கில் பாலீஷ். "ஃபாதர்கிட்ட எதுக்கு என்னைப் பொய் சொல்லச் சொன்னீங்க?"

தவுக்கே முதலாளி, கஸ்டம்ஸ், வீட்டுக்காரன் என்று எத்தனையோ பேருக்கு நின்று பதில் சொன்னவன். இதற்கு, "போய் செபத்தப் படி" என்றேன்.

அங்கேயே எழுந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். ஒரு தடுமாற்றம் இல்லை. கோபம் வந்தால் தமிழ் வருகிறது.

சோறு என்னோடு சாப்பிடவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

நல்ல வெயில். காலை பத்து மணிக்குக் கோயில். எட்டுப் பிள்ளைகள். பீடத்துக்குப் பக்கவாட்டில் ஃபாதர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். டொமினிக் மூன்றாவது. தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனான். மற்றப் பிள்ளைகள் இரண்டு நிமிடம். இவன் ஐந்து. தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வந்ததும் தாளைச் சுக்கலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்துப் பெற்றோர்களும் போகலாம் என்றார் டீச்சர். கடை திறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடை ஒன்பதுக்கே திறந்தாயிற்று.

நடுவில் தண்ணி குடிக்க எழுந்து வந்த ஃபாதர் வாசலில் நின்றார். "ஞாயித்துக்கிழமை நெத்திலி மறந்துராதீங்கண்ணே." எப்போதும்போல அதே சிரிப்பு. அந்த முகத்திலிருந்து ஒன்றையும் எடுக்க முடியாது. வியாபாரத்துக்கு வந்திருந்தால் எங்களையெல்லாம் விழுங்கியிருப்பார்.

அக்டோபர் 18, சனி

வெயில் கொளுத்துகிறது. பாய் போன்: செவ்வாய்க்கிழமை புதுச் சரக்கு. நாளைய விருந்துக்கு உதவாது.

டீ குடித்துவிட்டு வந்தால் நெத்திலித் தட்டில் ஓர் அட்டை செருகியிருக்கிறது. பிஸ்கட் பெட்டியைக் கிழித்தது. கறுப்பு மார்க்கரில், தமிழில், கோணல்மாணலாக: இது சியாம் நெத்திலி. பக்கத்தில் சிரிக்கிற மீன் ஒன்று.

"யாருடா எழுதச் சொன்னா? ஃபாதரா?"

"ரகசியம்லா அப்பா."

அதற்குமேல் எப்படிக் கேட்பது? தானாக எழுதிய முதல் தமிழ் வரி. எங்கே எழுத வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது அவனுக்கு.

வாடிக்கைக்கார அம்மா ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அள்ளிய கையைத் தட்டிவிட்டுப் போனாள். அடுத்து வந்தவள் படிக்கவே இல்லை, ஒரு கிலோ வாங்கினாள். அட்டையை எடுக்க இரண்டு தடவை கை போனது. டொமினிக் ஸ்டூலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டு என் கையையே பார்த்தான்.

பன்னிரண்டு மணிக்கு ஃபாதருக்குப் போன் போட்டேன். "ஃபாதர், நாளைக்குத் தர்றது சியாம் சரக்கு."

"அப்படியாண்ணே. பரவால்ல." இப்போதுதான் கேள்விப்படுகிற குரல்.

போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "போன வெள்ளி வாங்கினீங்களே, அதுவும்தான். பையன் மேல தப்பில்ல. நான்தான் சொல்லச் சொன்னேன்."

"சரிண்ணே. நாளைக்குப் பூசைக்கு முன்னாடி, சாயங்காலம் அஞ்சு மணிக்கே நான் கோயில்ல உட்கார்ந்திருப்பேன். வந்துருங்க."

டொமினிக் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து நீட்டினான். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றும் கிழித்தான்.

நாளைக்கு: அஞ்சு மணி. நெத்திலி ஆறு கிலோ. மெழுகுவர்த்தி இன்னும் வாங்கவில்லை.

மனத்துயர் செபத்தைச் சொல்லிப் பார்த்தேன். பாதிதான் வருகிறது.