ஆத்தா கழுத்தில் சாவி

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். வி.புரத்திலிருந்து தி.வனத்துக்கு ரயில். நிற்கத்தான் இடம். பையில் அளவு நாடா, மனுவின் நகல், தண்ணீர் பாட்டில், பாதி படித்த நாவல். நாவலைத் திறக்கவில்லை.

வேலை: ஏரிப்பக்கம் ஓர் ஓட்டல். மேலே அறைகள், கீழே சாப்பாட்டுக் கூடம், பின்னால் பார். பார் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். புதுப்பிக்கக் கூடாது என்று பின்தெருக்காரர்கள் மனு. நேரில் பார்த்து எழுத வேண்டியது நான். கலால் பிரிவில் சேர்ந்த பிறகு தனியாக வரும் முதல் விசாரணை.

பாரின் பின்கதவு நேராகத் தெருவில் திறக்கிறது. முன்வாசலில் கேமரா. அதனால் எல்லாரும் பின்வாசல். பிளாஸ்டிக் டம்ளர்கள், மூத்திர நாற்றம். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். இன்னும் மதியம்கூட ஆகவில்லை.

மனுவில் முதல் கையெழுத்து செல்வி. மல்லாட்டை மண்டியில் கடலை உரிக்கும் வேலை. மகள் மாலினி, பிளஸ் டூ. சாயங்கால வகுப்பு முடிந்து வரும்போது இந்தக் கதவருகே ஒருவன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். அன்றோடு வகுப்புக்குப் போவது நின்றது.

"கட்டிக் குடுத்துடுன்றாரு எங்க அண்ணன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்து சொல்லிக்கினே இருக்காரு."

மாலினி உள்ளே. வெளியே வரவில்லை. ஜன்னலில் கணக்குப் புத்தகம் மட்டும் தெரிந்தது.

கதவுக்கு எதிரே வேப்பமரம். அடியில் புதிதாக ஓர் அம்மன். கல், மஞ்சள் துணி, சூலம்.

"கோயில் பக்கத்துல பார் இருக்கக் கூடாதாமே மேடம். அதான் ஆத்தாவ வச்சோம். டேப்பு போட்டுப் பாருங்க," என்றார் ஒருவர்.

நாடா தேவைப்படவில்லை. நாலு எட்டு. விதி இருக்கிறது, ஆனால் உரிமத்துக்கு முன்பே இருந்த கோயிலுக்குத்தான். சொன்னேன். ஒரு பெண்: "அப்ப ஆத்தாவ என்ன பண்றது?"

வைத்த தெய்வத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆடி வேறு. கூழ் ஊற்றியாக வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைக்க நினைத்திருந்தேன். செல்வி அக்கா போன். "வந்து பாரும்மா. பாத்துட்டு அப்புறம் எழுது."

போனேன். வேப்பமரத்தடியில் புதுத் தகரக் கொட்டகை. ஓட்டல் முதலாளி தனசேகர் போட்டது. தெருவில் யாரிடமும் பெரிய அண்டா இல்லை. அண்டா, அடுப்பு, சமையல்காரர் எல்லாம் ஓட்டலிலிருந்து. கேப்பை மாவு அவர் உபயம். முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. முதல் ஆரத்தி அவருக்கு. வெறுங்காலோடு, இடுப்பில் துண்டு கட்டி நின்றார். பக்தி பொய் என்று என்னால் எழுத முடியாது.

வரிசையில் பாருக்கு வருகிறவர்களும். செருப்பைக் கழற்றிவிட்டு, குங்குமம் வைத்து, கூழ் குடித்து, செருப்பை மாட்டிக்கொண்டு பின்கதவுக்குள்.

"ஆத்தாளப் பாத்துட்டுப் போனா காலைல தலைவலி இல்லடா."

"உனுக்குத் தலை இருந்தாத்தானே."

தனசேகர் என்னிடம் ஒரு சொம்பை நீட்டினார். "அம்மனுக்குப் படைச்சது மேடம். ஓட்டலோடது இல்ல."

வாங்கினேன். குடித்தேன். நல்ல கூழ். நிமிர்ந்தபோது செல்வி அக்கா தன் வாசலில். கையில் சொம்பு இல்லை. தெருவில் கூழ் வாங்காத வீடு அது ஒன்றுதான்.

திரும்பும் பஸ்ஸில்: மறுத்திருக்கலாமா. மறுத்தால் யாரை மறுத்ததாக ஆகும்.

ஜூலை 29, செவ்வாய்

மூட்டம். பெய்யவில்லை. விசாரணை, வி.புரம் அலுவலகத்தில். தெருவே வரும் என்று பக்கத்துப் பிரிவில் நாற்காலிகள் கேட்டு வாங்கிப் போட்டிருந்தேன். வந்தது செல்வி அக்கா மட்டும். மற்றவர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

கண்காணிப்பாளர் சார்: "என்னம்மா, உங்க தெருவுல யாரும் வரலையே."

"எப்படி சார் வருவாங்க. அவரு ஊத்தின கூழக் குடிச்சிட்டு அவருக்கு எதுரா வந்து நிப்பாங்களா?"

"கூழுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"உங்களுக்கு இல்ல சார். எங்களுக்கு இருக்குது."

என் பக்கம் செல்வி அக்கா திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம்; அந்தக் கூழை நானும் குடித்திருந்தேன்.

உரிமத்தை நிறுத்த விதியில் வழி இல்லை. பின்கதவைப் பூட்டும் நிபந்தனையோடு புதுப்பிக்கலாம் என்று குறிப்பு எழுதியிருந்தேன். தனசேகர் உடனே ஒப்புக்கொண்டார்.

"பூட்டிடறேன் சார். சாவி என்கிட்ட இருந்தா அக்கா நம்பாது. ஆத்தா கழுத்துல போட்டுடறேன். அதுக்கு மேல யாரு கை வைக்கப்போறாங்க?"

சாருக்குப் பிடித்துவிட்டது. நாற்காலிகளை நானே திரும்பக் கொண்டுபோய்ப் போட்டேன்.

செல்வி அக்கா படியில் நின்று: "ஆத்தா அவரு கொட்டாயிலதானே உக்காந்துக்கினு இருக்கா."

ஆகஸ்ட் 1, வெள்ளி

தலைவலி. அறையில் மின்விசிறி கத்துகிறது. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் செல்வி அக்கா போன். நேற்று பூட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிப் பூட்டினார்கள். தெரு முழுக்க நின்று கும்பிட்டது. இன்று அபிஷேகத்துக்குத் தண்ணீர் வேண்டும். குழாய் ஓட்டலுக்குள். தெருப் பெண்களே ஆத்தாவிடம் உத்தரவு கேட்டுச் சாவியை எடுத்துத் திறந்தார்கள். தண்ணீர் பிடித்த பிறகு கதவு திறந்தே கிடந்தது. அப்புறம் வழக்கம்போல் கூட்டம், டம்ளர்.

"மாலினி இன்னைக்கு வகுப்புக்குப் போலாம்னு பையெல்லாம் எடுத்து வச்சிருந்துது."

சாருக்கு போன் செய்தேன். "சாமி விஷயம்மா. செவ்வாய்க்கிழமை ஆய்வுக்குப் போறியே, அப்ப பாத்துக்கலாம்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தூறல். தி.வனம் ஸ்டேஷனில் குடை வாங்க நினைத்து, வாங்கவில்லை.

பின்கதவு பூட்டியிருந்தது. அம்மன் கழுத்தில் எலுமிச்சை மாலை. சாவி இல்லை. கொட்டகைக்கு முன்னால் தெரு கூடியிருந்தது, நடுவில் தனசேகர்.

"வெள்ளிக்கிழம கதவ மூடிட்டு ஆத்தாகிட்ட திரும்ப மாட்டினோம் மேடம். காலைல பாத்தா காணோம். நாலு நாளா இதே பேஜாரு."

செல்வி அக்கா தன் வாசலில் மல்லாட்டை உரித்தபடி, தலையைத் தூக்காமல்: "நான்தான் எடுத்தேன். ஏரில போட்டுட்டேன்."

இதை இன்றுதான் சொல்கிறார் போல. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

எதிர்வீட்டுப் பெண்: "ஆத்தா கழுத்துல கை வச்சிட்டியேடி. கேப்பா உன்ன."

"கேக்கட்டும். பொண்ணு போற வழிக்குத்தான் எடுத்தேன்னு சொல்லிக்கிறேன்."

சொல்லிவிட்டு அம்மன் பக்கம் ஒருமுறை பார்த்தார். பயம்தான். பயந்துகொண்டே எடுத்திருக்கிறார்.

"பூட்ட உடச்சா முடிஞ்சுது," என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"நீ உடையேன்," என்றார் தனசேகர். அவன் பின்னால் நகர்ந்தான்.

தனசேகர் பூட்டருகே போனார். தூறலில் மஞ்சள் கரைந்து கதவில் ஒரு கோடு. குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆத்தா பூட்டு மேடம். கொட்டாய் போட்ட நானே எப்படி உடைக்கிறது?"

எதிர்வீட்டுப் பெண் பூட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அபிஷேகத்துக்குத் தண்ணி?" யாரோ.

"எங்க வூட்லருந்து நான் தூக்கியாறேன்," என்றார் செல்வி அக்கா.

குறித்துக்கொண்டேன்: பின்கதவு பூட்டப்பட்டுள்ளது. அந்தப் பக்கம் நடமாட்டம் இல்லை. சாவியைப் பற்றி எதுவும் குறிக்கவில்லை.

ரயிலுக்கு நேரமாகியும் போகாமல் நின்றேன். வெளிச்சம் குறையும் நேரத்தில், வகுப்பு முடிந்து மாலினி தெருமுனையில். தோளில் பை. அம்மன் முன் நிற்கவில்லை. ஓடவும் இல்லை. கதவைக் கடக்கும்போது மட்டும் பையைக் கதவுப் பக்கத் தோளுக்கு மாற்றினாள்.

செல்வி அக்கா மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். என்னை நேராகப் பார்த்தார்.

"எங்க வூட்ல ஒரு டீ குடிப்பியா? இல்ல, ஓட்டல்காரருதுதான் எறங்குமா?"

குடித்தேன். இஞ்சி அதிகம்.