நீ எட்டடின்னு வரைஞ்ச கீழ்ரூம்

என் அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம், உங்கப்பாவோட நெத்தியைத் தவிர, அது ஏன்னு பின்னாடி சொல்றேன். நீ அங்க வேளைக்குச் சாப்பிடுறியா, அந்தத் தோள்பட்டை வலி விட்டுச்சா, இல்ல இன்னும் கம்ப்யூட்டர் முன்னாடி கூன் போட்டுத்தான் உக்காந்திருக்கியா, இதுக்கெல்லாம் உண்மையான பதில் வேணும், நல்லா இருக்கேம்மாங்கிற அந்த ஒத்தை வரி வேண்டாம். போன்ல கேட்டிருக்கலாமேன்னு நினைப்ப. போன்ல நான் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சு அது சூடு பிடிக்கிறதுக்குள்ள நீ மீட்டிங்னு சொல்லிடுற, போதாக்குறைக்கு எனக்கு வலது காது இப்பல்லாம் பாதி கேக்குது, பாதி ஊகம், முப்பத்தஞ்சு வருஷம் தையல் மெஷின் சத்தத்துலயே உக்காந்தவளுக்கு வேற எப்படி இருக்கும். காகிதம்னா நீ கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும். நடுவுல கீழ வச்சா நான் கோவிச்சுக்குவேன்.

நீ அனுப்பின பெட்டிங்க வந்து சேந்துடுச்சு. புரொஜெக்டர், திரை, ஸ்பீக்கர்னு மொத்தம் ஏழு. கொண்டு வந்த வண்டிக்காரர் கையெழுத்து வாங்கிக்கிட்டு, என்னம்மா வீட்டுக்குள்ள தியேட்டர் கட்டுறீங்களான்னு கேட்டாரு, ஆமா டிக்கெட் வேணுமான்னு உங்கப்பா கேட்டாரு, ரெண்டு பேரும் வாசல்ல நின்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னு சொல்லட்டுமா, நீ வருத்தப்படக் கூடாது. நீ வேலைக்குன்னு அந்த ஊருக்குப் போன முதல் வருஷம் வரமுடியலன்னு சொன்னப்ப ஒரு சின்ன ரேடியோ வந்துச்சு, உள்ளங்கையில அடங்குற மாதிரி. அடுத்த வருஷம் வரமுடியலன்னப்ப துணி தேய்க்கிற பெட்டி. அப்புறம் வேலை இன்னும் முடியலன்னப்ப துணி துவைக்கிற மெஷின், அதுக்கப்புறம் பொத்தானை அமுக்கினா தலைமாடு தூக்குற கட்டில். நீ வராத ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பெட்டி வருது, தடவைக்குத் தடவை பெட்டி பெருசாகுது. நான் துணி வெட்டுறவ, எதைப் பாத்தாலும் அளவுதான் முதல்ல கண்ணுல படும். சின்னப் பெட்டி வந்தா கொஞ்ச நாள், பெரிய பெட்டி வந்தா ரொம்ப நாள். இந்தத் தடவை ஒரு தியேட்டரே வந்திருக்குன்னா நீ எத்தனை வருஷத்துக்கு வரமாட்டேன்னு சொல்ல வர்ற? அந்த ஏழு பெட்டியையும் ஹால்ல அடுக்கி வச்சதும் நான் டேப்பை எடுத்து அளந்தே பாத்தேன். உங்கப்பா என்னடான்னா சின்னப் பிள்ளை மாதிரி பேனாக்கத்தியை எடுத்துக்கிட்டு ஒவ்வொண்ணா கிழிச்சு, உள்ள இருந்த தெர்மாகோலைக் கூட பத்திரமா எடுத்து வச்சாரு. படத்துல கார் துரத்துற கட்டம் வந்தாலே, இவன் இண்டிகேட்டர் போடாம திரும்புறான் பாருன்னு திட்டுற மனுஷன், இனிமே அதைப் பெரிய திரையில பாத்துத் திட்டலாம்னு அவருக்கு ஒரு சந்தோஷம்.

பொருத்திக் கொடுக்க ஒருத்தர் வந்தாரு. காதுல பென்சில் சொருகிக்கிட்டு, எதைக் கேட்டாலும் சவுண்டு அப்படித்தாம்மா போகும்னு சொல்றவரு, நாங்க ஸ்பீக்கர்காரர்னு பேர் வச்சுட்டோம். நம்ம கீழ்ரூமைத் தியேட்டராக்க நீ அனுப்பின பிளானை அவர்கிட்ட நீட்டும்போது எனக்கு அப்படி ஒரு பெருமை. சும்மா சொல்லக் கூடாது, என்ன அழகா வரைஞ்சிருக்க. பதினாறடி நீளம், பத்தரை அடி அகலம், இடது பக்கமா தள்ளி நிக்கிற அந்தத் தூண், தெருவுல போறவங்க காலு மட்டும் தெரியுற சின்ன ஜன்னல், பின் மூலையில பன்னெண்டு படி, படிக்கு அடியில தண்ணி மீட்டர் இருக்கிற குழி கூட. ஏழு வருஷமா வீட்டுக்கு வராதவ, அதுக்கு முன்னாடியும் பத்துப் பதினஞ்சு வருஷமா அந்தக் கீழ்ரூமை எட்டிப் பாக்காதவ, எல்லாத்தையும் மனசுலருந்தே வரைஞ்சிருக்கியே. அவர் டேப்பை இழுத்து இழுத்துச் சரிபாத்தாரு, எல்லாம் அங்குலம் பிசகாம இருந்துச்சு. கடைசியா உயரத்தைப் பிடிச்சவரு டேப்பைப் பாத்தாரு, பிளானைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. நீ எட்டடின்னு போட்டிருக்க. அங்க இருக்கிறது ஆறடி ஒன்பது அங்குலம். பிளான் போட்டவங்க இந்த இடத்தைப் பாத்ததே இல்ல போலிருக்கேம்மான்னாரு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். பாக்காதவளா, அவ பாதிப் பள்ளிக்கூடப் பாடத்தை இந்தத் தூணுல சாஞ்சுதான்யா படிச்சான்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். பாவம், பென்சிலைக் காதுலருந்து எடுத்துட்டுத் திரும்பவும் காதுலயே வச்சுக்கிட்டாரு. அவர் போனதுக்கப்புறம் நானே என் தையல் டேப்பை எடுத்துக்கிட்டு இறங்கினேன். அறுபது அங்குல டேப் ஒண்ணு, அதுக்கு மேல இருபத்தோரு அங்குலம், அவ்வளவுதான். எத்தனை தடவை பிடிச்சாலும் எட்டடி வரல. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. நீ அந்தக் கூரையைக் கடைசியா நிமிந்து பாத்தப்ப உனக்கு எட்டோ ஒன்பதோ வயசு. நாற்காலி போட்டு ஏறி நின்னாத்தான் அது உன் கைக்கு எட்டும். அந்த உயரத்தையே ஒரு மாத்தமும் இல்லாம இத்தனை வருஷமும் வச்சிருந்திருக்க. அது தெரிஞ்சதும் அங்கயே படியில உக்காந்து அழுதேன். உங்கப்பாகிட்ட தூசி அலர்ஜின்னு சொல்லிட்டேன்.

அவர் நெத்தி விஷயம் இதுதான். கடைசி ரெண்டு படிக்கு மேல குறுக்க ஒரு கட்டை போகுது. பிளான்ல அது இல்ல, நீ ஒரு நாளும் அதைக் கவனிச்சிருக்க மாட்ட, அப்போ அது உன் தலைக்கு ஒரு முழம் மேல இருந்துச்சு. இந்த வாரத்துல மட்டும் உங்கப்பா நாலு தடவை முட்டிக்கிட்டாரு. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவரு, பாலம் வந்தா உயரம் பாத்து வண்டியை விட்டவரு, சொந்த வீட்டுக் கட்டைக்குக் குனிய மாட்டேங்கிறாரு. பழைய மெத்தைப் பஞ்சை வச்சு சிவப்புத் துணி சுத்தி அந்தக் கட்டையில தைச்சு விட்டிருக்கேன். உன் சித்தி வந்து நாலு நாள் இருந்துட்டுப் போனா, முழங்கால் தேவலை, வாய்தான் அப்படியே இருக்கு. அவ எப்ப வர்றா, எப்ப வர்றான்னு உன்னைப் பத்தி நாலு நாளும் கேட்டா, நான் பட்டன் தைக்கிற சாக்குல காதுல விழாத மாதிரி இருந்துட்டேன், கேக்காத காதுக்கும் ஒரு உபயோகம் இருக்கு. வாசல் பூட்டு ரொம்ப இறுகிப் போச்சு. பூட்டுக்காரர் வந்து பாத்துட்டு, இது ஆயுசு முடிஞ்சுது, புதுசு போட்டுடலாம்னாரு. உங்கப்பா ஒத்துக்கல. புதுப் பூட்டு போட்டா பாப்பாகிட்ட இருக்கிற சாவியை என்ன பண்றதுன்னு கேட்டாரு. பூட்டுக்காரர் சாமானைப் பைக்குள்ள போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. அதனால வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஓட்டிக்கிட்டு இருக்கோம். சாவியைத் தொலைச்சுடாதே.

சரி, நாற்காலிக்கு வர்றேன். உயரம் குறையுறதால பிளானை மாத்தணும், முதல்ல யார் யார் எங்க உக்காருவீங்கன்னு முடிவு பண்ணி வைங்கன்னு ஸ்பீக்கர்காரர் சொல்லிட்டுப் போயிருந்தாரு. எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான். சட்டைக்கு அளவு பேப்பர் வெட்டுவேன்ல, அதே போல செய்தித்தாள்ல நாற்காலி அளவுக்கு ரெண்டு வெட்டித் தரையில விரிச்சேன். நகத்தி நகத்திப் பாத்தா தூணுக்கு வலது பக்கம் ரெண்டும் கச்சிதமா உக்காருது, நீ வரைஞ்சிருக்கிற மாதிரியே. அப்ப உங்கப்பா படியில நின்னுக்கிட்டு, மூணாவது எங்கன்னு கேட்டாரு. நான் உன் பிளானை எடுத்து நீட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பாத்தாரு. ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணுல அப்பான்னு எழுதியிருக்க, ஒண்ணுல அம்மான்னு எழுதியிருக்க. அவர் அதை மடிச்சு என் கையில கொடுத்துட்டு மேல போயிட்டாரு, அன்னிக்கு மட்டும் கட்டையில இடிக்காம குனிஞ்சு போனாரு. இடம் பத்தாதுன்னு விட்டியா, மறந்து விட்டியா, இல்ல தெரிஞ்சேதான் விட்டியா? எண்ணூறு பேர் உக்கார்ற மண்டபத்துக்கெல்லாம் நீதான் நாற்காலி வரிசை வரையுறேன்னு சொன்ன. அதுல ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் யாருக்கும் தெரியாது. நம்ம வீட்டுல ஒண்ணு குறைஞ்சா தெரியும்டி. மறுநாள் காலையில நான் கீழ போறேன், மூணாவது பேப்பர் ஒண்ணு தரையில கிடக்கு, எலி கடிச்ச மாதிரி கோணல்மாணலா. உங்கப்பா வெட்டினது. என் துணிக் கத்திரிக்கோலை எடுத்துப் பேப்பர் வெட்டியிருக்காரு, முனை மழுங்கிடும்னு ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், இந்த ஒரு தடவை நானே சாணை பிடிச்சு வச்சுட்டேன். அதைத் தூணுக்குப் பின்னாடி போட்டு வச்சிருந்தாரு. அங்க உக்காந்தா பாதித் திரைதான் தெரியும்னேன். "அது என் இடம். பாதிப் படத்துக்கு மேல நான் என்னிக்கு முழிச்சிருந்தேன்?"ன்னாரு. நடுவுல இருக்கிற நல்ல இடம் உனக்காம்.

அதுக்கப்புறம் கண்ணாடி விவகாரம். முதுகுக்குப் பின்னாடி படி இருக்கிறது உங்கப்பாவுக்குப் பிடிக்கல. டிப்போவுக்குப் போய் கழட்டிப் போட்ட பஸ் கண்ணாடி ஒண்ணைக் கேட்டு வாங்கிட்டு வந்து, திரைக்கு மேல மாட்டினா பின்னாடி யார் இறங்கி வர்றாங்கன்னு தெரியும்னு நின்னாரு. ஸ்பீக்கர்காரர் தலையில கை வச்சுக்கிட்டாரு. வெளிச்சம் அதுல பட்டு உங்க கண்ணையே கூசுமேய்யா, உலகத்துல எந்தத் தியேட்டர்லயாவது இப்படிப் பாத்திருக்கீங்களான்னாரு. பஸ் ஓட்டின பழக்கதோஷம்னு சிரிச்சுச் சமாளிச்சு, கண்ணாடியைக் கீழ வச்சுட்டாரு உங்கப்பா. அவர் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். நீ போனதுலருந்து மேல ஹால்லயும் அவர் நாற்காலி வாசலைப் பாத்துத்தான் கிடக்கு, கழுத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் டி.வி. பாக்குறாரு. கீழ போய் உக்காந்தா வாசல் தெரியாது. காலிங்பெல் எனக்கு இப்பவே சரியா கேக்காது, அந்த ஸ்பீக்கர் போடுற சத்தத்துல அவருக்கும் கேக்காது. நீ சாவியைப் போட்டுத் திறந்து உள்ள வந்து நின்னா கூட எங்களுக்குத் தெரியாம போயிடும். அவருக்கு அதுதான் பயம், இப்ப எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கிச்சு.

கூரை தாழ்வா இருக்கிறதால நீ போட்ட மாதிரி புரொஜெக்டரை மேலருந்து தொங்கவிட முடியாது. ரெண்டே வழிதான்னு சொன்னாரு ஸ்பீக்கர்காரர். ஒண்ணு, எங்களுக்கு முன்னாடி ஒரு குட்டை மேஜை போட்டு அதுல வைக்கிறது, படம் கொஞ்சம் சின்னதா விழும், ஆனா யார் வந்தாலும் போனாலும் தொந்தரவு இல்ல. இன்னொண்ணு, பின் சுவத்துல தலை உயரத்துக்கு ஒரு பலகை அடிச்சு அதுல வைக்கிறது, படம் பெருசா விழும், ஆனா அது படிக்கிட்டயே வந்துடும், இறங்கி வர்றவங்க வெளிச்சத்துக்குக் குறுக்க வந்துதான் ஆகணும், அவங்க நிழல் திரை பூரா விழுந்து படம் கெட்டுப் போகும். அதனால மேஜைதான்னு அவரே முடிவும் பண்ணிட்டாரு. உங்கப்பா என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே பதிலைச் சொன்னது அன்னிக்குத்தான். பின் சுவத்துலயே அடிங்கன்னோம். நிழல் விழுமேம்மா, நிழல் விழுமேம்மான்னு அவர் திரும்பத் திரும்பக் கேட்டாரு. விழட்டும்னேன். பலகை நேத்து அடிச்சாச்சு. சோதனை பண்றேன்னு உங்கப்பா படி இறங்கி வந்தாரு, திரை முழுக்க அவர் தலை, காது ரெண்டும் முறம் மாதிரி, சிரிச்சு சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நீ வந்து நின்னா எப்படி இருக்கும்னு நினைச்சேன், சிரிப்பு நின்னு போச்சு.

இவ்வளவும் எழுதினது ஒண்ணு கேக்கத்தான். நடு நாற்காலிக்கு உறை தைச்சுட்டேன், உனக்குப் பிடிச்ச அந்த மங்கலான நீலம். அது மேல பிளாஸ்டிக் போட்டு மூடட்டுமா, அப்படியே விடட்டுமா, அதை மட்டும் சொல்லு. பிளாஸ்டிக் போட்டா எத்தனை வருஷம் ஆனாலும் தூசி படாது. மூடிடும்மான்னு நீ சொன்னா மூடிடுவேன், கோவிச்சுக்க மாட்டேன், ஆனா அதை உன் வாயால சொல்லணும், எட்டாவது பெட்டி அனுப்பிச் சொல்லக் கூடாது. எனக்கு இனிமே பெட்டி வேண்டாம் பாப்பா. வைக்க இடமும் இல்ல. எனக்கு உன்னைப் பாக்கணும், அவ்வளவுதான்.

உன் உடம்பும் மனசும் திடமா இருக்கட்டும், தொட்ட காரியமெல்லாம் கைகூடட்டும், நீ வரையுற கூரையெல்லாம் நீ நினைச்ச உயரத்துக்கு எழும்பட்டும். உங்கப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாரு, வேற என்ன எழுதணும்னு கேட்டதுக்கு, எல்லாம் நீயே எழுதியிருப்பேன்னு சொல்லிட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விடப் போயிட்டாரு.

ஒண்ணை மறந்துடாதே. இறங்கி வரும்போது பத்தாவது படியில குனி, சிவப்புத் துணி சுத்தின கட்டை இருக்கும், நீ இப்ப வளந்தவ, இடிச்சுக்குவ. கடைசிப் படி தாண்டினதும் நிமிந்துடு. படம் ஓடுதேன்னு குனிஞ்சுக்கிட்டே ஓரமா ஒதுங்கி வராதே. அந்த வெளிச்சத்துல நேரா நில்லு, உன் நிழல் திரையில விழும், நாங்க திரும்பிப் பாப்போம்.

படியைப் பாத்துக்கிட்டு இருக்கிற
உன் அம்மா
(அப்பாவும்தான்)