திக்குவாய் வேடம்

அண்ணனுக்கு,

உன் படம் பார்த்தோம். ராப் பாட்டை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போனவன், திக்குவாயனாக நடித்துச் சிரிப்பு மூட்டுகிறாய். கண்ணை மூடித் தொடையைத் தட்டிப் பேசுவது அப்படியே நான்தான். இப்படிச் சிரித்தார்கள் என்றுதான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். டிவியில் வேறு, 'தங்கச்சிதான் இன்ஸ்பிரேஷன்' என்கிறாய். நல்ல பெருமை.

நேற்று பூண்டுக் காட்டில் களை எடுக்கும்போது தமயந்தி அக்கா, "ஏ புள்ள, ஒங்க அண்ணன் படத்துல பேசுற மாதிரி பேசிக் காட்டு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உன் முதல் ராப்பைப் பாடினேன். தாளத்தோடு சொன்னால் எனக்குத் திக்காது என்று நாம் கண்டுபிடித்தோமே, அந்தப் பாட்டு. முழுதாகப் பாடி முடித்தேன்.

"யாரு பாட்டு புள்ள இது?"

"தெரியலக்கா" என்றேன். அதுவும் திக்கவில்லை.

இப்படிக்கு,
நீ நடித்துக் காட்டியவள்